கடலோர வீட்டில் மதர்போட் எத்தனை வருடம் தாங்கும்?

கணினி வாங்கும்போது புரொசசர் என்ன, ரேம் எவ்வளவு என்று எல்லோரும் விசாரிப்போம். அவை எல்லாவற்றையும் தாங்கி ஒன்றோடொன்று இணைக்கும் பெரிய தட்டான மதர்போட்டைப் பற்றிய பேச்சு அது நின்ற பிறகுதான் வரும். “போட் போயிற்று, மாத்தணும்” என்று திருத்துபவர் சொன்னால், ஏன் போனது, அதைத் தவிர்த்திருக்கலாமா என்று கேட்கப் பலருக்குத் தெரிவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சரியாக வைத்திருந்த மதர்போட் பத்து வருடம் ஓடுவது அதிசயம் இல்லை. அதே போட், அதே விலை, கடற்கரை ஓரத்து வீடொன்றில் நான்காம் வருடமே நின்றுவிடவும் கூடும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் இலங்கையின் கிழக்கில் கடலை ஒட்டிய ஊர்கள். மட்டக்களப்பில் பல வீடுகளுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மலைநாட்டுக் கண்டியில் இருப்பவருக்குச் சொல்லும் பராமரிப்பு முறை இங்கே பாதிதான் பொருந்தும். இங்கே போட்டைக் கெடுப்பவை உப்பு ஈரமும் மோசமான மின்சாரமும். தினமும் பாவிப்பதால் வரும் தேய்மானம் அவற்றுக்குப் பிறகுதான்.

போட்டில் எது பழுதாகும், எது ஆகாது

பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும் அந்தத் தட்டு கண்ணாடி நாரையும் எப்பொக்சியையும் சேர்த்து அழுத்தியது. அதற்குள் நான்கு, ஆறு, எட்டு என்று செம்பு அடுக்குகள் இருக்கும். தட்டு தானாகப் பழுதாவது அரிது. அதன் மேலுள்ள சிப்களும் அளவான வெப்பத்தில் பல பத்து வருடங்கள் தாங்கக் கூடியவை. பழுதாகக் கூடியவை நான்கு: கெப்பாசிட்டர்கள், பாகங்களைத் தட்டோடு பிடித்து வைக்கும் ஈயப் பற்றுகள், செருகும் இடங்களின் தொடுமுனைகள், நாணயம் போன்ற அந்தச் சிறு பற்றரி.

கெப்பாசிட்டரை முதலில் பார்ப்போம். சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றும் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் வருகிறது. புரொசசருக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு வோல்ட்தான், ஆனால் பல பத்து அம்பியர் ஓட்டத்தோடு. இந்த மாற்றத்தைச் செய்வது புரொசசரைச் சுற்றி இருக்கும் பகுதி. அங்கே மொஸ்பெட் என்னும் சிறு சுவிட்சுகள் வினாடிக்குப் பல இலட்சம் தடவை திறந்து மூடுகின்றன. அப்படி வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தைச் சமப்படுத்துவது சதுரமான சோக் கொயில்களும் உருளையான கெப்பாசிட்டர்களும்.

பழைய வகைக் கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கும். வெப்பத்தில் அது அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே மெதுவாக ஆவியாகிப் போகும். திரவம் குறையக் குறைய மின்சாரத்தைச் சமப்படுத்தும் திறனும் குறையும். கணினி காரணமில்லாமல் உறையும், தானாக மீள்தொடங்கும். கடைசியில் கெப்பாசிட்டரின் தலை உப்பி வீங்கும், சில வேளை பழுப்பு நிறத்தில் கசியும். 1999 முதல் 2007 வரை உற்பத்தியான பல போட்களில், திரவத்தின் கலவை பிழையாக இருந்ததால் இரண்டு மூன்று வருடத்திலேயே இது நடந்தது. அந்தக் காலத்துக் கணினிகளைத் திருத்தியவர்களுக்கு உப்பிய கெப்பாசிட்டர் நன்றாகப் பழகிய காட்சி.

அதன் ஆயுளைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. உறையில் 105 பாகை செல்சியஸ் என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் எத்தனை மணிநேரம் தாங்கும் என்பது தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும். 2000 மணிநேரம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் 10 பாகை குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் இரட்டிக்கும். 75 பாகையில் 16,000 மணிநேரம், 65 பாகையில் 32,000, 55 பாகையில் 64,000. ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம் ஓட்டினால் வருடத்துக்கு 2,920 மணிநேரம். ஆகவே 65 பாகையில் கிட்டத்தட்ட பதினொரு வருடம் வரும். 75 பாகையில் ஐந்தரை வருடம்தான். தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, தூசி அடைத்த கேசிங்குக்குள் கணினி இருந்தால் அந்தப் பத்துப் பாகை எளிதில் கூடிவிடும்.

இப்போதைய போட்களில் புரொசசரைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் திரவமில்லாத பொலிமர் வகை. பிளாஸ்டிக் உறை இல்லாமல் வெறும் அலுமினியக் குப்பி, தலையில் வெட்டுக் கோடு கிடையாது, நிற எழுத்து மட்டும் இருக்கும். இவற்றுக்கு விதி இன்னும் சாதகமானது: 20 பாகை குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு. 105 பாகையில் 5000 மணிநேரம் தாங்குவது, 65 பாகையில் கணக்குப்படி ஐந்து இலட்சம் மணிநேரம் தாங்கும். அதனால் புதிய போட்டில் கெப்பாசிட்டர் வீங்குமா என்று அதிகம் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது பவர் சப்ளையை நினைத்து, ஏனெனில் அதற்குள் இன்னும் திரவ வகைதான் இருக்கிறது. அது காய்ந்து போனால் சமப்படாத மின்சாரம் நேரே போட்டுக்குத்தான் வரும்.

ஈயப் பற்று வேறு விதமாகக் கெடும். சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, பல ஆயிரம் தடவைக்குப் பிறகு நுண்ணிய வெடிப்பு விழும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின் உலகெங்கும் ஈயமில்லாத பற்றுக்கு மாறினார்கள். ஆரம்பத்தில் இதனால் சிக்கல் இருந்தது, இப்போது பெரிதாக இல்லை. கனமான கிராஃபிக்ஸ் காட்டைத் தாங்கி வைக்காமல் தொங்க விடுவதுதான் இன்றும் பற்றுக்கும் செருகு துளைக்கும் கெடுதல்.

உப்பும் ஈரமும்

மாரியில் போத்தலுக்குள் உப்பு கசிந்து ஈரமாவதைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். காற்று தாங்கக் கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைப் பாடசாலையில் சாரீரப்பதன் என்று படித்தோமே, அந்த அளவு ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். போட்டின் மேல் படிந்த உப்புத் தூளும் இதையே செய்யும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. கரைந்த உப்பு கடத்தும். கடலுப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கத் தொடங்கும். எனவே உப்புப் படிந்த போட் கோடையிலும் முழுதாகக் காய்ந்திருப்பதில்லை, ஆனால் பெரும் கெடுதல் மாரியில்தான்.

நமது பக்கத்துக் காற்றின் போக்கும் இதற்குத் துணைபோகிறது. கோடையில் அடிக்கும் கச்சான் தரைப்பக்கமிருந்து வெப்பத்தையும் தூசியையும் கொண்டுவரும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கடலிலிருந்து வரும்; உப்பும் மழையும் ஒரே காலத்தில் வந்து சேரும். கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள் உப்பு மிக அதிகம், பிறகு வேகமாகக் குறையும். சம்மாந்துறையில் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உமித்தூசியும் சாம்பலும் சேரும். தூசி தானே ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் உப்போடு தூசியும் சேர்ந்தால் கெடுதல் கூடும்.

ஈரமான உப்புக்கு மேல் மின்னழுத்தமும் இருந்தால்தான் உண்மையான சேதம். சிப்பின் ஒரு காலிலிருந்து உலோகம் அயனாகக் கரைந்து, பக்கத்துக் காலில் போய்ப் படிந்து, அங்கிருந்து முதல் காலை நோக்கி நுண்ணிய கிளைகளாக வளரும். கிளை மறு காலைத் தொட்டவுடன் மின்சாரம் குறுக்கே பாய்ந்து சோர்ட். சேதம் பெரும்பாலும் அழுத்தமுள்ள இடத்தில்தான் நடக்கும். இங்கேதான் பலர் கவனிக்காத விடயம் ஒன்று இருக்கிறது. கணினியை நிறுத்திய பிறகும், சுவர் சுவிட்ச் போட்டபடி இருந்தால், போட்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நெட்வேர்க் சிப், யூஎஸ்பி, பவர் பொத்தானைக் கவனிக்கும் சுற்று எல்லாம் இரவு முழுவதும் அழுத்தத்தோடு குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிர்ச்சியும் அழுத்தமும் ஈர உப்பும் ஒன்றாகச் சேரும் நேரம் மாரி இரவு. ஆகவே கார்த்திகை தொடங்கித் தை வரை, கணினியை நிறுத்தினால் சுவர் சுவிட்சையும் நிறுத்துங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம்: ஓடுகிற கணினி காய்ந்திருக்கும். வெளியே 28 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று கேசிங்குக்குள் 35 பாகைக்குச் சூடானால் ஈரப்பதன் 57 சதவீதத்துக்கு இறங்கும். 40 பாகையில் 44 சதவீதம். 75 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர இரண்டரைப் பாகை கூடினாலே போதும். எனவே மாரிக் காலத்தில் தினமும் ஒன்றிரண்டு மணிநேரம் ஓடும் கணினி, அலுமாரிக்குள் துணி போர்த்திப் பத்திரமாக வைத்த கணினியை விட நல்ல நிலையில் இருக்கும். துணி தூசியைத் தடுக்குமே தவிர ஈரத்தைத் தடுக்காது.

டிசம்பர் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலைக் கணினி அறைகளுக்கு இது அப்படியே பொருந்தும். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாக் கணினிகளையும் இரண்டு மணிநேரம் ஓடவிடுவதற்கு யாரையாவது பொறுப்பாக்குங்கள். வாரக்கணக்கில் கிடந்த கணினியை மழை நாளில் நேராக ஓன் செய்ய வேண்டாம். வெயிலுள்ள பகலில் பக்க மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை இரண்டு மணிநேரம் பிடித்து, பிறகு மின்சாரம் கொடுங்கள்.

ஏசி போட்ட அறையில் வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. மேலே சொன்ன அதே வெளிக்காற்று, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளில் பட்டாலும் நீர்த்துளியாகப் படியும். 22 பாகையில் குளிர்ந்த கணினிகளை நிறுத்திவிட்டு உடனே ஜன்னலைத் திறந்தால் அந்த நீர் போட்டிலும் படியும். முதலில் ஏசியை நிறுத்தி, கணினிகளை இன்னும் அரை மணிநேரம் ஓடவிட்டு, பிறகு அவற்றை நிறுத்தி, அதற்குப் பிறகு கதவைத் திறக்க வேண்டும்.

உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறியப் பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி துளைகளின் உலோக உறை, கேசிங் திருகாணிகள், துளைகளைச் சுற்றிய தகடு ஆகியவற்றில் துரு பிடித்திருந்தால் உள்ளேயும் உப்பு போயிருக்கிறது. போட்டில் வெள்ளைத் தூள் அல்லது பச்சைப் படிவு கண்டால் செம்பு ஏற்கெனவே அரிக்கப்படுகிறது என்று பொருள்.

உப்பைக் கழுவுவது

தூசி தட்டுவது வேறு, உப்பைக் கழுவுவது வேறு. கடைகளில் 99 சதவீத ஐசோபுரோபைல் அல்கஹோலைத்தான் சிறந்தது என்பார்கள். எண்ணெய்க்கும் பிசுக்குக்கும் அது நல்லது, ஆனால் உப்பு அதில் அநேகமாகக் கரைவதில்லை. உப்பைக் கரைக்க நீர் வேண்டும். அதனால் 70 சதவீதத்தால் முதலில் துடைத்து, 99 சதவீதத்தால் கடைசியில் துடைக்க வேண்டும். 70 சதவீதம் கிடைக்காவிட்டால் 99 சதவீத அல்கஹோல் ஏழு பங்குக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் கலக்கலாம். வாகன பற்றரிக்கு விடும் நீர் அதுதான். மூடிய போத்தலாக, நீர் என்று தெளிவாக எழுதியதாக வாங்குங்கள், பற்றரி அமிலம் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். கிணற்று நீர், குழாய் நீர் கூடாது. மருந்துக் கடையின் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும்; அது போட்டில் படலமாகத் தங்கும்.

மழையில்லாத நாளில் செய்யுங்கள். கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேசிங்கின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்குங்கள். வயர்களின் இடத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கப் பொத்தான்களுக்குப் போகும் மெல்லிய வயர்களைத் திரும்ப மாட்டும்போதுதான் எல்லோரும் தடுமாறுவார்கள். ரேம், கிராஃபிக்ஸ் காட், சிறு பற்றரி மூன்றையும் கழற்றுங்கள். பற்றரியை விட்டுவிட்டுக் கழுவினால் ஈரத்தில் 3 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். புரொசசரைக் கழற்ற வேண்டாம். அதன் சொக்கெட்டுக்குள் இருக்கும் ஊசிகள் முடி போல மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் போட் நிற்கும்.

புளோவரால் தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பெயாரிங் கெடும், ஃபேனே மின்சாரம் பிறப்பித்துப் போட்டுக்குள் அனுப்பவும் கூடும். வீட்டு வாக்குவம் கிளீனரைப் போட்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், அதன் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின் சேரும். பிறகு மென்மையான பல்துலக்கியை 70 சதவீதத்தில் நனைத்து, துளைகளின் பின்பக்கம், நெட்வேர்க் சிப்பைச் சுற்றி, கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் தேயுங்கள். பஞ்சு விடாத துணியால் ஒற்றியெடுங்கள். புரொசசர் சொக்கெட்டின் பக்கம் திரவம் ஓடக் கூடாது. அடுத்து 99 சதவீதத்தால் ஒருமுறை. ஃபேனுக்குக் கீழே 24 மணிநேரம் காயட்டும். அவசரப்பட்டு அரை நாளில் மின்சாரம் கொடுப்பதால், கழுவி நன்றாக்கிய போட்டே கெட்டுப்போகிறது.

ரேமின் பொன்னிறக் கால்களை அழிறப்பரால் தேய்க்கும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அந்த நேரத்துக்கு வேலை செய்யும், ஆனால் பொன் பூச்சு மிக மெல்லியது. சில தடவை தேய்த்தால் அடியிலுள்ள நிக்கல் வெளிவரும், பிறகு இன்னும் விரைவாகக் கறுக்கும். அல்கஹோல் தொட்ட துணியே போதும்.

பல்லியையும் எறும்பையும் சொல்லாமல் விடக் கூடாது. கேசிங்கின் சூடு அவற்றுக்குப் பிடிக்கும். பல்லியின் எச்சம் செம்பை அரிக்கும். பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து இரண்டு முனைகளைத் தொட்டால் அதுவும் இறக்கும், சப்ளையும் எரியும். பின்பக்கத்தில் பாவிக்காத செருகு இடங்களின் தகட்டு மூடிகளைத் தொலைக்காமல் மாட்டி வையுங்கள்.

மின்சாரம்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நல்ல பவர் சப்ளைகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சரிசெய்துகொள்ளும். மலிவானவற்றின் பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த கணினியில் அது 115 இல் இருக்கக் கூடும். அப்படியே பிளக்கைச் செருகினால் வெடிச்சத்தத்தோடு முடிந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

பவர் சப்ளையின் மேல் ஒட்டிய “500 வாட்” என்ற பெரிய எழுத்தை நம்ப வேண்டாம். பக்கத்து அட்டவணையில் 12 வோல்ட் கோட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 14 அம்பியர் என்றால் 12 ஐ 14 ஆல் பெருக்கினால் 168 வாட்தான். இப்போதைய கணினியில் அநேகமான பாரம் அந்த 12 வோல்ட் கோட்டில்தான் ஏறுகிறது. கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரப்படி 12 வோல்ட் 11.4 இலிருந்து 12.6 வரை, 5 வோல்ட் 4.75 இலிருந்து 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 இலிருந்து 3.47 வரை இருக்கலாம். கையில் கூடுதல் காசு இருந்தால், போட்டின் விலை உயர்ந்த மொடலுக்குப் போகாமல் நல்ல பவர் சப்ளைக்குப் போடுங்கள். இந்த விடயத்தில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேசிங்கைத் தொட்டால் சுரீரென்று கடிக்கிறதா? எர்த் இல்லை. பவர் சப்ளையின் உள்ளீட்டில் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் சிறு மின்னோட்டத்தை எர்த்துக்கு அனுப்பும்படி அமைந்தவை. எர்த் துண்டித்திருந்தால் கேசிங்கில் 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓட்டம் மிகச் சிறியது, ஆனால் அந்த நிலையில் பிரிண்டரையோ தொலைக்காட்சியையோ இணைத்தால் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகள் கருகும். மலிவான மல்டி பிளக்குகளிலும் மாற்றுப் பிளக்குகளிலும் எர்த் கால் பெயருக்கு மட்டும் இருக்கும், உள்ளே தகடு இருக்காது. தகுதியுள்ள மின்தொழிலாளியைக் கொண்டு சுவர் பிளக்கின் எர்த்தைச் சோதிப்பது ஒரு போட்டின் விலையை விடக் குறைந்த செலவு.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம். மின்னல் பவர் பிளக் வழியாக மட்டும் வருவதில்லை. செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து நெட்வேர்க் கேபிளில் போட்டுக்குள் புகும். மற்றதெல்லாம் நன்றாக இருக்க, நெட்வேர்க் துளை மட்டும் செத்த போட்கள் இப்படி வந்தவை. இடி கேட்டால் இரண்டு கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபர் இணைப்பில் அந்தக் கம்பி வழி இல்லை.

மின்வெட்டில் மின்சாரம் போகும் கணத்தை விட அது திரும்ப வரும் கணம் போட்டுக்கு மோசம். தெருவில் எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளும் நீர்ப் பம்புகளும் ஒன்றாக எழும்பும்போது வோல்ட்டேஜ் தாழ்ந்து ஏறும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இது நாள்தோறும் நடந்தது. மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்து சுவிட்சைப் போடுங்கள். மின்சாரம் போனதும் பற்றரியால் கணினியைச் சற்று நேரம் ஓட்டும் யூபிஎஸ் இருந்தால் நல்லது, ஆனால் அதன் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி நமது வெப்பத்தில் இரண்டு மூன்று வருடம்தான் வரும்.

“போட் போயிற்று” என்று முடிவெடுக்கும் முன்

போட் செத்ததாகச் சொல்லப்படும் கணினிகளில் போட் நன்றாக இருக்கும் சந்தர்ப்பங்கள் பல. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். போட்டிலுள்ள நாணயம் போன்ற சிஆர் 2032 பற்றரியை மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8 க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். திகதி பின்னுக்குப் போவதும் ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தச் சொல்வதும் அதன் அடையாளம். சில போட்கள் பற்றரி முற்றாக இறந்தால் திரையே காட்டாது. இதன் கொள்ளளவு ஏறக்குறைய 225 மில்லிஅம்பியர்-மணி. கணினிக்கு மின்சாரம் இல்லாதபோது கடிகாரம் 5 மைக்ரோஅம்பியர் இழுத்தால் 45,000 மணிநேரம், அதாவது ஐந்து வருடம். மாரியில் சுவர் சுவிட்சை நிறுத்துவதால் பற்றரி சற்று விரைவாகத் தீரும், ஆனால் அதன் விலை மிகக் குறைவு.

அடுத்து பவர் சப்ளை. பிளக் செருகிய நிலையில் 24 கால் இணைப்பியின் ஊதா வயருக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, குற்றம் போட்டுடையதல்ல. இருந்தால், இணைப்பியைப் போட்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணையுங்கள். சப்ளையின் ஃபேன் சுற்றும். மஞ்சளில் 12, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3 வோல்ட் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் புதிய சப்ளையில் நிறத்துக்குப் பதிலாக இணைப்பியின் இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 9 ஆம் கால் காத்திருப்பு 5 வோல்ட், 16 ஆம் கால் தொடக்கக் கம்பி. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்.

பிறகு போட்டைக் கேசிங்கிலிருந்து எடுத்து மட்டையின் மேல் வைத்து, புரொசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் ஆகியவற்றோடு மட்டும் ஓட்டுங்கள். கேசிங்குக்குள் தவறிய ஒரு திருகாணி போட்டின் அடியில் கிடந்து சோர்ட் ஆக்குவது அடிக்கடி காணும் குறை. சிறு ஸ்பீக்கரை மாட்டி, ரேமை முழுதாகக் கழற்றி ஓட்டுங்கள். ஒலி எழுப்பினால் புரொசசரும், கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸும் உயிரோடு இருக்கின்றன. ரேமையோ அதன் துளையையோ பார்க்க வேண்டும். ஒலியும் இல்லை, ஏதோ ஒரு சிப் விரல் வைக்க முடியாமல் சுடுகிறது என்றால் அப்போது போட்டைச் சந்தேகிக்கலாம்.

பாவித்த போட் வாங்கும்போது

நிறுவனங்கள் கழித்த டெல், எச்பி, லெனோவோ கணினிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. நன்றாகக் கட்டிய கணினிகள் அவை, பெரும்பாலும் ஏசி அறையில் இருந்தவை என்பதால் உப்பும் குறைவு. ஒன்றைத் தெரிந்து வாங்குங்கள்: அவற்றில் பல சாதாரண 24 கால் பவர் இணைப்பியைப் பாவிப்பதில்லை, தங்களுக்கென்று வேறு இணைப்பி வைத்திருக்கின்றன. பவர் சப்ளை போனால் கடையில் உள்ள சாதாரணமானதை நேராக மாட்ட முடியாது, மாற்று வயர் தேட வேண்டும். தனிப் போட் வாங்கினால் சொக்கெட்டின் ஊசிகளைத் தொலைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். வரிசையில் ஒன்று பிசகினாலும் மின்னும் கோடு முறியும். புதிய போட் வாங்குபவர்கள் உத்தரவாதச் சீட்டை வாசியுங்கள். துரு, எரிந்த அடையாளம் இருந்தால் உத்தரவாதம் இல்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், அதாவது நமது ஊரில் அதிகம் வரும் இரண்டு குறைகளுக்கும் அது உதவாது.

உதிரியாக வைக்கும் போட்டுக்கு, சொக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, நிலைமின் தடுக்கும் பையில் இட்டு, அதை 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது. மாற்றுங்கள், அல்லது 110 பாகையளவில் ஓரிரு மணிநேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். தரையில் வைக்க வேண்டாம். 2011 ஜனவரியில் மட்டக்களப்பில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எட்டுப் பத்து வருடப் போட் நன்றாக ஓடும்போதே மென்பொருள் அதைக் கைவிடுவதும் உண்டு. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் புரொசசர் அல்லது அதற்குப் பிந்தியது. பயோஸில் டிபிஎம் அணைந்து கிடக்கலாம், எனவே போட்டை ஒதுக்கும் முன் அங்கே போய்ப் பாருங்கள். இன்டெல் போட்களில் பெரும்பாலும் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி போட்களில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். அதற்கும் முந்திய போட் என்றால் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டு, தட்டச்சுக்கும் கடைக் கணக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இன்னும் பல வருடம் ஓட்டலாம்.